நிலை தடுமாறுபவர் மலைக்குப் போகலாமா?

மே மாதம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கும்போதும், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக்கு மாலை போடும்போதும், சேலம் மாவட்டத்து வீடுகள் பலவற்றில் ஒரு பேச்சு எழும். வீட்டுப் பெரியவருக்கு நடை சரியில்லை. பக்கவாதம் வந்து ஒரு காலை இழுத்து நடக்கிறார். அல்லது சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருக்கிறது. அல்லது எழுந்து நின்றாலே கிறுகிறுக்கிறது. ஆனால் வேண்டுதல் பாக்கி இருக்கிறது. “இந்த ஒடம்போட எதுக்குங்கப்பா” என்பார் மகன். “சாமி பாத்துக்கும்” என்பார் அப்பா. அந்த வழியில் எந்த இடத்தில், எதனால் விழ நேரும் என்பதை இருவருமே பேசுவதில்லை. அதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. உடம்பு எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வர வேண்டும். ஒன்று கண். சுவர், மரம், தொடுவானம் எல்லாம் நேராக இருக்கின்றனவா என்று அது சொல்கிறது. இரண்டாவது உட்செவி, அதாவது காதின் உட்பகுதியில் எலும்புக்குள் பொதிந்திருக்கும் சிறு உறுப்பு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது என்பதை அது உணர்கிறது. மூன்றாவது நிலையுணர்வு. பாதத்தின் தோலும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளும் தசைகளும் தாம் இருக்கும் நிலையை மூளைக்குத் தெரிவிக்கின்றன. அந்த உணர்வுக்குத்தான் இந்தப் பெயர். கண்ணை மூடிக்கொண்டாலும் கால் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இதனால்தான்.

மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டையும் வைத்து மூளை சமாளித்துவிடும். வருடக்கணக்கில் சமாளிக்கவும் செய்யும். அதனால்தான் வீட்டுக்குள் நன்றாக நடமாடும் ஒருவர் வெளியூரில் திடீரென்று விழுகிறார். வீட்டில் வெளிச்சம் இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது, கை வைக்கச் சுவர் இருக்கிறது. வெளியே போனதும் இருந்த இரண்டில் ஒன்று பறிபோகிறது. மீதமுள்ள ஒன்றால் உடலைத் தாங்க முடிவதில்லை.

19-ஆம் நூற்றாண்டில் ரோம்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை வைத்து ஓர் எளிய சோதனையைச் சொன்னார். இரண்டு பாதங்களையும் சேர்த்து நின்று கண்ணை மூட வேண்டும். கண் திறந்திருக்கும்போது நிலையாக நின்றவர் மூடியதும் தள்ளாடினால், அவர் கண்ணை நம்பியே நின்றுகொண்டிருந்தார் என்று பொருள். இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் இதைச் செய்கிறார்கள். சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடுகிற நேரத்தில் ஒரு கை தானாகவே சுவரைத் தேடினால், அதுவும் இதே அறிகுறிதான். வீட்டில் சோதித்துப் பார்ப்பவர்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு பார்க்கலாம்.

இனி மலைக்குப் போவோம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இங்கே சோதனை உட்செவிக்கு. அதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன; குழல்களுக்குள் திரவம் இருக்கிறது. குடத்தைச் சட்டென்று திருப்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் உடனே திரும்பாமல் பின்தங்குமே, அதுபோல் தலை திரும்பும்போது இந்தத் திரவம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிர்கள் உணர்ந்து, தலை திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. வளைவு முடிந்து திரவம் அடங்குவதற்குள் எதிர்ப்பக்கத்து வளைவு வந்துவிடுகிறது. அதே நேரத்தில் கண் பேருந்தின் உட்புறத்தையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படுவதால் குமட்டலும் கிறுகிறுப்பும் வருகின்றன. முன்னிருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்தால் முரண்பாடு குறையும். இரண்டு உட்செவிகளும் முழுவதுமாகச் செயலிழந்தவர்களுக்கு இந்த வாந்தி மயக்கம் வருவதே இல்லை என்பது ஒரு விசித்திரம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மேலே போனதும் தலை சுற்றினால் “மலைக் காற்று, ஆக்சிஜன் கம்மி” என்று சிலர் சொல்வார்கள். ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி உயரம். உயரத்தால் வரும் உபாதைகள் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே ஏற்காட்டில் தலை சுற்றினால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். வளைவுகள் இருக்கலாம், வெறும் வயிறாக இருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரை போட்டவர் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்ததாலும் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உட்செவியில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்துகள்கள் இருக்கின்றன. வயதாகும்போது இவை இடம்பெயர்ந்து குழலுக்குள் விழுந்துவிடுவதுண்டு. அப்படி விழுந்தவருக்குத் தலையை அண்ணாந்தாலோ, குனிந்தாலோ, படுக்கையில் புரண்டாலோ சில நொடிகள் உலகமே சுழலும். கோபுரத்தை அண்ணாந்து கும்பிடும்போது விழுந்தேன் என்று சொல்பவர்களில் சிலருக்கு இதுதான் இருக்கும். இதற்கு மருந்தைவிடப் பயிற்சி நன்றாகக் கேட்கும். மருத்துவர் நோயாளியின் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்புகிறார். எப்லி முறை என்று பெயர். சில நிமிடங்களே ஆகும். பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிவிடும். இது தெரியாமல் வயசாயிடுச்சு என்று யாத்திரையையே கைவிட்டவர்கள் இருப்பார்கள். தள்ளாட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்று தெரியாமல் போகலாமா வேண்டாமா என்று வாதிப்பதில் பயனில்லை.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது. சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று சொல்வார்கள். திருவிழாவுக்கு அவர்கள் மலைக் கிராமங்களிலிருந்து திரண்டு வருவார்கள். வண்டி கோயிலுக்கு அருகிலேயே போய்விடும் என்பதால் நடை குறைவு. எனவே தூரத்தைப் பார்த்து இது எளிதான கோயில் என்று முடிவு கட்டத் தோன்றும்.

ஆனால் குகை ஒடுக்கமானது, தாழ்வானது, இருட்டானது. உச்சியின் வெளிச்சத்திலிருந்து உள்ளே குனிந்து நுழையும்போது கண் இருட்டுக்குப் பழக நேரமாகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிகம் ஆகும். அதாவது கண்ணின் உதவி போய்விட்டது. குனிந்த தலையால் உட்செவியின் செய்தி மாறிவிட்டது. பாதம் ஒன்றுதான் மிச்சம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு அதுவும் இல்லை. கிலோமீட்டர் கணக்கில் சமதளத்தில் நடந்துவிடக்கூடிய அவர் இந்தச் சில அடிகளில்தான் விழுவார். வாசலில் ஒதுங்கி ஒரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்து நுழைந்தால் ஆபத்து பெருமளவு குறையும். திருவிழா நாளின் நெரிசலில் அப்படி நிற்க இடம் கிடைக்காது. சாதாரண நாளில் கிடைக்கும். உள்ளே போகாமல் வாசலிலிருந்தே கும்பிடுவது போதுமா என்பதில் உடலியலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது கும்பிடுகிறவரின் பாடு.

பார்க்கின்சன் நோயாளிகளின் சங்கதி தனி. ஒடுக்கமான வாசலை நெருங்கும்போது அவர்களில் பலருடைய கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால் உடல் முன்னே போகும், கால் வராது, விழுவார்கள். ஆனால் தரையில் ஒரு கோடு இருந்து அதைத் தாண்டச் சொன்னாலோ, “ஒண்ணு, ரெண்டு” என்று தாளம் எண்ணினாலோ கால் நகரும். சமதளத்தில் திணறும் இவர்களில் சிலர் படிக்கட்டில் சரளமாக ஏறுவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு கோடு அல்லவா! உடன் போகிறவர்களுக்கு இது தெரியாவிட்டால் நடிக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள்.

பழனி யாத்திரை வேறு வகை. சேலம் பகுதியிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இதே மாவட்டத்து எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலச் சமூகத்துப் பக்தர்கள் பல தலைமுறைகளாகக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போகிறார்கள். பழனி மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தமும் அங்கேயே தயாரிப்பார்கள். இப்படிப் பழக்கப்பட்ட கூட்டங்களில் சமையலுக்கு ஆள், சாமானுக்கு வண்டி, தங்க இடம் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். நடை சரியில்லாதவருக்கு இந்த ஏற்பாடுதான் பெரிய துணை. கூடவே வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தால், களைத்த கணுக்காலோடு பிடிவாதமாக நடக்க வேண்டியதில்லை. தசை களைக்கும்போது நிலையுணர்வும் மந்தமாகிறது. எனவே நாளின் கடைசி மணி நேரத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

பாதயாத்திரையில் இன்னும் இரண்டு சிக்கல்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசவைத்துப் போன பிறகு, சில நொடிகளுக்குச் சாலையின் ஓரம் தெரியாது. அந்த நொடிகளில் நடக்காமல் நின்றுவிட வேண்டும். அடுத்தது வெறுங்கால். நல்ல பாதம் உள்ளவருக்கு வெறுங்காலில் தரையின் மேடுபள்ளம் நன்றாகவே தெரியும். மரத்த பாதம் உள்ளவருக்குத் தார்ச்சாலையின் சூடும் முள்ளும் கொப்புளமும் தெரியாது. புண்ணாகி இரத்தம் வந்த பிறகுதான் கவனிப்பார். செருப்புப் போடுவதில்லை என்ற நேர்த்திக்கடன் அவருக்கு மட்டும் வேறு விலை கேட்கிறது. விரதமும் அப்படித்தான். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து தள்ளாட்டம் வரலாம். அளவை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

படிகள் வந்ததும் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஏறுவதில் மூச்சு வாங்கும். விழ வாய்ப்பு அதிகம் இருப்பது இறங்குவதில். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது; அது சீக்கிரம் தளரும். அடுத்த படியின் விளிம்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு குவியக் கண்ணாடி போட்டவருக்கு இன்னும் மோசம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில் என்பது பிசியோதெரபிஸ்டுகள் சொல்லும் விதி. கைத்தடியைப் பலவீனமான காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். துணைக்கு வருபவர் எப்போதும் தாழ்ந்த பக்கம் நிற்க வேண்டும்: ஏறும்போது ஒரு படி பின்னால், இறங்கும்போது ஒரு படி முன்னால். அவர் பெரியவரின் கையைப் பிடித்து இழுக்காமல், பெரியவரைத் தன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் இருவருக்கும் நல்லது.

பழனியில் 693 படிகளைத் தவிர்க்க யானைப் பாதையும், விஞ்ச் எனப்படும் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப் காரும் உண்டு. சோளிங்கர் (1,305 படிகள்), அய்யர்மலை (1,017 படிகள்) மலைக்கோயில்களிலும் 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. திருச்செங்கோட்டில் மலைமேல் வண்டியே போகும். சபரிமலையில் நடக்க இயலாதவர்களை டோலியில் தூக்கிச் செல்கிறார்கள். மக்காவில் சஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே சக்கர நாற்காலிக்கென்று நடுவில் தனித் தடமே இருக்கிறது. பிரான்சின் லூர்து நகரில் நோயாளிகளின் வண்டிகளுக்குத் தெருவில் கோடு போட்டு வழி ஒதுக்கியிருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுக் கட்டடம் என்பதற்குள் வழிபாட்டுக்கான இடங்களையும் சேர்க்கிறது. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் குகையை அகலப்படுத்த முடியாது, அகலப்படுத்தவும் கூடாது. பழைய கற்கோயில்களின் வாசற்படியைச் செதுக்கித் தள்ளுவதும் சரியாகாது.

இங்கே ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பக்தரை மேலே ஏற்றிவிடும் இயந்திரங்களுக்கு நாம் நிறையச் செலவு செய்கிறோம். அதிலிருந்து இறங்கிச் சந்நிதிக்குப் போகும் கடைசிச் சில அடிகளில்தான் நிலை தடுமாறுபவர் விழுகிறார். அங்கே தேவைப்படுவது இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி, படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை, நிழல் விழாத விளக்கு, உட்கார ஒரு திண்ணை. இவை மலிவானவை. திறப்பு விழா நடத்த முடியாதவை என்பதாலோ என்னவோ, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது. எங்கே இருட்டு, எங்கே இறக்கம், எங்கே நெரிசல் என்று முன்பே போய்வந்த ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம். பழனி ரோப் கார் தினமும் ஒரு மணி நேரம் பராமரிப்புக்காக நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். காற்று பலமாக வீசினாலும் நிறுத்திவிடுவார்கள். அதை நம்பிக் கிளம்புபவர்கள் முதல் நாளே கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுவது நல்லது.