ஜாடியில் இலையுதிர்காலம்

தமிழ்ப் புதுக்கவிதைக்கு இலையுதிர்காலம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு இன்னும் வரவில்லை. நம் கவிஞர் ஐப்பசியில் கொல்லைப் பூவைப் பறித்து ஜாடியில் வைக்கிறார். உடனே சருகு உதிர்கிறது, மனம் கனக்கிறது. ஐப்பசியில் இங்கே அடைமழை. கல்வராயன் மலைக்காடு இலை கொட்டுவது மாசி, பங்குனி வெயிலில். 1819 செப்டம்பரில் கீட்ஸ் பாடியது வின்செஸ்டரில் நடந்து, கண்ணால் கண்ட பருவத்தை. பி.ஏ. வகுப்பில் நானும் அதைப் படித்தவன்தான். படித்ததால் அது என் கொல்லையாகிவிடாது.

ஜாடி அந்நியம் என்று நான் புகார் சொல்லவில்லை. பூவைத் தொடுக்கலாம், குவிக்கலாம், ஜாடியிலும் அடுக்கலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். பெண்கள் அவற்றை மழை கழுவிய பாறையில் குவிக்கிறார்கள். முதல் பூவே செங்காந்தள், மழைக்காலத்துப் பூ. வெறும் பட்டியல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு செடி நிற்பதை அவர்கள் பார்ப்பதில்லை. கபிலர் வடக்கிருந்ததாகச் சொல்லப்படும் குன்று, 2019இல் பிரிந்த நம் மாவட்டத்திலேயே, திருக்கோவிலூரில் தென்பெண்ணை நடுவே இருக்கிறது.

பருவத்தைக் கடன் வாங்குகிறவன் துக்கத்தையும் கடன் வாங்குகிறான். கணக்கில் பணமில்லாத காசோலையைத் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். காணாத பருவத்தின் பேரில் எழுதிய படிமத்தையும் பத்திரிகைகள் அப்படியே திருப்ப வேண்டும்.

ஜாடி இருக்கட்டும். கார்த்திகை மழையில் நனைந்து தலை சாய்ந்த கோழிக்கொண்டையை அதில் வையுங்கள். அதற்குச் சோகமில்லை என்றால் கவிதைக்கும் வேண்டாம்.