சாப்பிடாத குழந்தை: அடமா, நோயா? டியூப்பில் இருந்து தட்டுக்கு கொண்டுவரும் ‘தீவிர உணவு சிகிச்சை’ எப்படி நடக்கிறது?

“எம்புள்ள ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது டாக்டர்.” குழந்தைகள் நல மருத்துவர்கள் தினமும் கேட்கும் புகார் இது. பெரும்பாலான வீடுகளில் இது 2 வயதை ஒட்டி வந்து, கொஞ்ச நாள் படுத்திவிட்டு, தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் சில குழந்தைகள் ஸ்பூனை பார்த்தாலே உடம்பை வில்லாக வளைத்து அலறும். ஒரு பருக்கை நாக்கில் பட்டாலே குமட்டும். எடை ஏறாது. கடைசியில் மூக்கு வழியாகவோ, வயிற்றில் துளையிட்டோ டியூப் மூலம் உணவு கொடுக்க வேண்டிய நிலை வரும். இதை அடம் என்று சொல்லி விட்டுவிட முடியாது.

2019-ல் பல துறை நிபுணர்கள் சேர்ந்து, இதற்கு ‘குழந்தைகளுக்கான உணவு உட்கொள்ளல் குறைபாடு’ என்று தனி வரையறை கொடுத்தனர். வயதுக்கு ஏற்ற அளவு வாய் வழியாக சாப்பிட முடியாமல் இருப்பது, அதோடு உடல்நலம், ஊட்டச்சத்து, மெல்லும் விழுங்கும் திறன், மனநிலை மற்றும் குடும்ப சூழல் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றிலாவது பிரச்சனை இருப்பது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது. 2021 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ குறியீட்டு பட்டியலிலும் இது இடம்பிடித்தது.

ஒரு பெயர் வைத்ததில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பெயர் இல்லாதவரை, பழி நேராக அம்மா தலையில்தான் விழும். “உனக்கு ஊட்டத் தெரியல” என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும்.

ஏன் இப்படி ஆகிறது?

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது என மூன்றையும் ஒரே நேரத்தில் ஒழுங்காக செய்யும் திறன், கருவில் சுமார் 34 வாரத்தில்தான் குழந்தைக்கு கைகூடுகிறது. அதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு பெரும்பாலும் டியூப்தான் வழி. வாரக்கணக்கில் வாயிலும் மூக்கிலும் குழாய்கள் இருந்த குழந்தைக்கு, வாய் என்றாலே வலி என்று பதிந்துவிடலாம். பால் அலர்ஜி, சாப்பிட்டது மேலே எதுக்களிப்பது, கடும் மலச்சிக்கல், இதய நோய், ஆட்டிசம் என காரணங்கள் வேறு வேறு. சாப்பிட்டால் வலிக்கும் என்று கற்றுக்கொண்ட குழந்தை, வலி போன பிறகும் வாயை திறக்காது. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இந்த நேரத்தில் மூக்கை பிடித்து ஊட்டுவது அந்த பயத்தை உறுதிப்படுத்தும். செல்போனில் கார்ட்டூன் காட்டி ஊட்டினால் அந்த வேளைக்கு வயிறு நிறையலாம். குழந்தை சாப்பிட கற்றுக்கொள்ளாது.

சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கும்?

அமெரிக்காவில் பால்டிமோரின் கென்னடி கிரீகர் போன்ற இடங்களில் இந்த தீவிர சிகிச்சை பல வாரங்கள் நடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் என்ற வழக்கமான தெரபி இல்லை இது. ஒரே நாளில் பல வேளை சிகிச்சையோடு உணவு. ஜீரண மண்டல டாக்டர், டயட்டீஷியன், பேச்சு மற்றும் தொழில்முறை தெரபிஸ்ட், நடத்தை உளவியலாளர் எல்லோரும் ஒரே அணி.

முதலில் விழுங்குவது பாதுகாப்பாக இருக்கிறதா என்று எக்ஸ்ரே வீடியோ மூலம் பார்ப்பார்கள். உணவு நுரையீரலுக்குள் போகிற குழந்தையை சாப்பிட பழக்குவது ஆபத்து. அதன்பிறகு வெறும் ஸ்பூன். அதை குழந்தை ஏற்றுக்கொண்டால் ஸ்பூன் நுனியில் ஒரு துளி. பிறகு கொஞ்சம் கூடுதல். பிறகு மசித்தது, கட்டியானது என்று போகும். ஒவ்வொரு வாயையும் குறித்து வைப்பார்கள். வாயை திறந்தால் பாராட்டு, பிடித்த பொம்மை. எடையை கவனித்தபடி டியூப் உணவை மெல்ல மெல்ல குறைப்பார்கள். கடைசி கட்டத்தில் ஸ்பூன் பெற்றோர் கைக்கு மாறும். வீட்டில் ஊட்டப்போவது அவர்கள்தானே!

பலன் என்ன? 11 ஆய்வுகளில் இருந்த 593 குழந்தைகளின் விவரத்தை தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வறிக்கை, சுமார் 71 சதவீதம் பேர் டியூப்பில் இருந்து விடுபட்டதாக கூறியது. ஆனால் அவற்றில் இரண்டு மட்டுமே குலுக்கல் முறையில் குழு பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள். எனவே இந்த எண்ணை அப்படியே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சர்ச்சையும் உண்டு. குழந்தை மறுத்தாலும் ஸ்பூனை உதட்டருகே இருந்து எடுக்காமல் வைத்திருப்பது சில மையங்களின் முறை. பலன் தருகிறது என்கிறார்கள் நடத்தை நிபுணர்கள். குழந்தையின் ‘வேண்டாம்’ என்பதை மிதிப்பது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர்கள் வேறு பாதையில் போனார்கள். மருத்துவ கண்காணிப்பில் டியூப் உணவை வேகமாக குறைத்து, பசியை வரவைத்து, தரையில் உணவை பரப்பி விளையாட விடுவார்கள். யாரும் ஊட்டுவதில்லை. எந்த குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் டியூப்பை நிறுத்தி பரிசோதனை செய்து பார்க்கும் விஷயம் இல்லை இது.

நம் வீட்டு குழந்தைக்கு?

எடை ஏறாமல் நிற்பது, சாப்பிடும்போது இருமல் அல்லது மூச்சுத்திணறல், ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பது, ஏற்கெனவே சாப்பிட்ட உணவுகளும் ஒவ்வொன்றாக பட்டியலில் இருந்து காணாமல் போவது - இதில் எது இருந்தாலும் “வளர்ந்தா சரியாயிடும்” என்று காத்திருக்க வேண்டாம்.

மிக்ஸியில் அரைத்தே ஊட்டும் பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். 10 மாதம் அல்லது அதற்கு பிறகே கட்டியான உணவுக்கு பழகிய குழந்தைகளிடம் சாப்பாட்டு சிக்கல்கள் அதிகம் இருந்ததாக பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பருப்பு சாதத்தை கையால் பிசைந்து கொடுத்தாலே போதும்.

தமிழ்நாட்டில் முதல் படி குழந்தைகள் நல மருத்துவர். வளர்ச்சி தாமதமும் இருந்தால், 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் செயல்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப சொல்லி கேட்கலாம், சிகிச்சை இலவசம். போகும்போது, குழந்தை ஒரு வேளை சாப்பிடுவதை தொடக்கம் முதல் முடிவு வரை செல்போனில் வீடியோ எடுத்து கொண்டுபோனால், டாக்டருக்கு பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.