ஏலத்துக்கு வரும் வீடுகள்

கொழும்பு நாளிதழ்களைப் புரட்டும் அன்பர்கள் வங்கி ஏல அறிவித்தல்களைக் கவனித்திருப்பார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடும் கொட்டாஞ்சேனைக் கடையும் அவற்றில் இடம்பெறுவதுண்டு. மலிவாக வாங்கி விற்று ஆதாயம் காணலாமா என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்கின்றனர்.

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், வழக்குத் தொடராமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. 'பராட்டே' எனப்படுவது இதுவே. பணிப்பாளர் சபையின் தீர்மானம் போதும். பொருளாதார நெருக்கடியை அடுத்து 2024 இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது.

கடன்பட்டு ஏலம் கேட்க நினைப்பவர் முதலில் கணக்குப் பார்க்கட்டும். வழமையாக, அன்றே 10 சதவீதமும் ஏலத்தரகும் உள்ளூராட்சி வரியும் செலுத்தவேண்டும். எஞ்சிய 90 சதவீதத்துக்கு 30 நாள்களே தவணை. குடியிருப்பவர் வெளியேற மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். அதுவரை வட்டி காத்திருக்காது. எதிர்பார்த்த ஆதாயத்தை அதுவே தின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஏல விலை குறைந்தால் மீதிக் கடன் வீட்டை இழந்தவர் தலையிலேயே விழும். கூடினால் மிச்சம் அவருக்கே சேரும். ஆகவே, கேட்பவர்கள் தமக்குள் பேசி விலையை அமுக்குவது வியாபாரமன்று, திருட்டு. 1983 இன் பின்னர் கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுப் புறப்பட்டவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஏலத்துக்கு முன்பே, வங்கியின் இணக்கத்தோடு, உரிமையாளரிடம் நியாய விலைக்கு வாங்குங்கள். உறுதியும் திறப்பும் அவர் கையாலேயே கிடைக்கும். ஆதாயம் சற்றுக் குறையலாம். வழக்கும் வசையும் வாரா.