முழவும் மின்னும்

குழலின் இனிமையும் வீணையின் நயமும் செவிக்கு விருந்தாவன. ஆயினும், அவ்விரண்டையும் நெறி பிறழாமல் நடத்திச் செல்வது முழவே ஆகும். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடலாசிரியனையும் இசையாசிரியனையும் கூறியதோடு அமையவில்லை. தண்ணுமை ஆசிரியனுக்கு வேண்டிய தகுதிகளையும் வகுத்துரைத்தார். தோலும் மரமும் கொண்டு ஆக்கப்பெற்ற அக்கருவியின் அருகில் இன்று மின்னால் ஒலிக்கும் முழவும் வந்து நிற்கிறது. அதனை வரவேற்பதா, வெறுத்து ஒதுக்குவதா என்பது இசையன்பர் பலருடைய ஐயம். விடை காணுமுன் அக்கருவி யாது என்பதை அறிதல் வேண்டும்.

மின்முழவு இரண்டு உறுப்புக்களை உடையது. ஒன்று, கையாலோ கோலாலோ தட்டுதற்குரிய தளம். மற்றொன்று, அத்தட்டைக் கேட்டறிந்து அதற்குரிய ஒலியை எழுப்பும் பெட்டி. கடைகளில் இதனைச் ‘சவுண்டு மாட்யூல்’ என்பர். நாம் ஒலிப்பெட்டி என்றே வழங்குவோம். தளம் தானாக இசைப்பதன்று. அது செய்தி சொல்லும் தூதன். இசைப்பது பெட்டியே. 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுச் சிம்மன்ஸ் நிறுவனம் அறுகோணத் தளங்களை உடைய மின்முழவை வெளியிட்டது. 1983ஆம் ஆண்டில் ‘மிடி’ என்னும் பொது முறை வகுக்கப்பட்டது. அதன்பின் ஒரு நிறுவனத்தின் தளம் மற்றொரு நிறுவனத்தின் பெட்டியோடு பேசுதல் எளிதாயிற்று.

இவ்வொலிப்பெட்டியை விலை கொடுத்து வாங்குவதினும் மாணவர் தம் கையாலேயே செய்தல் சிறந்தது என்பது என் கருத்து. செலவு குறையும் என்பது ஒரு காரணமே. அது தலையாய காரணம் அன்று. வாங்கியவன் ஒலியைப் பெறுகிறான். செய்தவன் ஒலியை அறிகிறான். இவ்வேறுபாடே பெரிது.

இக்கருத்தைத் திருச்சிராப்பள்ளியை முன்னிறுத்திக் கூறுவது பொருந்தும். இந்நகரை அடுத்த திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சர். சி. வி. இராமன். ஒளியியல் ஆராய்ச்சிக்காக 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற அப்பெரியார், மிருதங்கத்தையும் தபேலாவையும் ஆராய்ந்தவர் என்பதைப் பலர் அறியார். சாதாரணத் தோற்கருவியைத் தட்டினால் எழும் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று எளிய எண்விகிதத்தில் பொருந்துவதில்லை. ஆதலின் அதில் தெளிந்த சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ தெளிந்த சுருதி பிறக்கிறது. இதற்குக் காரணம், தோலின் நடுவே படிப்படியாக அப்பப்படும் கரணையே என்று இராமன் காட்டினார். 1920ஆம் ஆண்டில் சிவகாளி குமார் என்பாரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழிலும், 1934ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகத்தின் இதழிலும் அவர் இதனை எழுதினார். தோலின் மீது மணலைத் தூவி, அதிரும் இடத்தையும் அதிராத இடத்தையும் அவர் கண்டார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைச்சுரங்களாக அடங்கும் விந்தை அவ்வாறு வெளிப்பட்டது. கரணையிடும் முறையை நூல் கல்லாத கைவினைஞர் பல தலைமுறைகளாகச் செவியாலேயே அறிந்திருந்தனர். அவர்தம் செவியறிவும் இராமனின் நூலறிவும் ஒன்றையொன்று தழுவி நின்றன.

இனி, ஒலிப்பெட்டி எவ்வாறு ஆக்கப்படுகிறது எனக் காண்போம். 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டனர். அப்பண்புடைய பீங்கான் பூச்சை ஏந்திய பித்தளை வில்லை ஒன்று, ஒலிக்கும் மணிப்பொறிகளுக்காகச் சிறுவிலைக்கு விற்கிறது. பீசோ வில்லை என்பது அதன் பெயர். அவ்வில்லையை ஒரு மரப்பலகையின் அடியில் ஒட்டி, மேலே இரப்பர்த் தாளைப் பரப்பினால் தளம் ஆயிற்று. பலகையைத் தட்டுந்தோறும் வில்லையில் மின்துடிப்பு எழும். மெல்லத் தட்டினால் சிறிதாகவும் வலிந்து தட்டினால் பெரிதாகவும் எழும்.

அத்துடிப்பை ஆர்டுயினோ போன்ற சிறு கணிப்பலகை ஏற்று எண்ணாக மாற்றுகிறது. இங்கே முதற் பாடம் காத்திருக்கிறது. வலிந்த தட்டு ஒன்று பல வோல்ட் அழுத்தத்தை எழுப்பக்கூடும். கணிப்பலகையோ ஐந்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆதலின் பத்து இலட்சம் ஓம் மின்தடை ஒன்றையும், மிகுந்த அழுத்தத்தை வழிமாற்றிவிடும் செனார் டையோடு ஒன்றையும் வில்லைக்கு இணையாக இணைத்தல் வேண்டும். வெள்ளம் மிகும்போது காவிரியின் மிகைநீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தின் வழியே செல்வது போன்றது இது. வடிகால் இல்லையேல் வயலும் இல்லை, கணிப்பலகையும் இல்லை.

இரண்டாம் பாடம் காலத்தைப் பற்றியது. ஒரு தட்டு விழுந்த பின்னும் பலகை சிறிது நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்நடுக்கத்தையும் புதிய தட்டு எனப் பெட்டி மயங்கினால், ஒன்று அடிக்க இரண்டு ஒலிக்கும். எனவே, ஒரு தட்டை ஏற்றபின் ஏறத்தாழ முப்பது மில்லிநொடி வரை வேறெதையும் ஏலாதிருக்குமாறு பெட்டிக்குக் கட்டளை எழுதுதல் வேண்டும். அக்காலத்தை இன்னும் நீட்டினால் என்ன ஆகும்? நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் விழும் விரைந்த வாசிப்பில், சொல்லுக்குச் சொல் இடைவெளி நூறு அல்லது எண்பது மில்லிநொடியே ஆகும். காத்திருக்கும் காலம் அதனை எட்டினால் வாசிப்பவனுடைய சொற்கள் விழுங்கப்பட்டுவிடும். தட்டுக்கும் ஒலிக்கும் இடையே பத்து மில்லிநொடி தாமதித்தால், மூன்றரை முழத்துக்கு அன்று, ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்கு அப்பால் வைத்த முழவைக் கேட்பது போலாகும். தாளம் கற்போன் இவ்வாறு காலத்தை மில்லிநொடியாக அளந்து அறிகிறான். இதனை எந்தக் கடையும் விற்பதில்லை.

மூன்றாம் பாடம் ஒலியைச் சேமித்தல். இசைத்தட்டின் தரத்தில் ஒலியைப் பதிந்தால் நொடிக்கு 44,100 அளவைகள் எடுக்க வேண்டும். ஒவ்வோர் அளவைக்கும் இரண்டு பைட்டு இடம் வேண்டும். அஃதாவது, ஒரு நொடிக்கு 88,200 பைட்டு. ஆர்டுயினோ ஊனோ என்னும் எளிய பலகையின் நிரல் நினைவகம் 32 கிலோபைட்டே ஆகும். அது அரை நொடி ஒலியையும் தாங்காது. ஆதலின் அப்பலகையைத் தூதனாக மட்டும் கொண்டு, மிடி முறையில் 0 முதல் 127 வரை வலிமையைக் குறித்துக் கணினிக்கு அனுப்புதல் ஒரு வழி. நினைவட்டை ஏற்கும் வலிய பலகையைக் கொள்ளுதல் மற்றொரு வழி. பத்து வகைச் சொற்களை, எட்டு நிலை வலிமைகளில், ஒவ்வொன்றும் ஒரு நொடியாகப் பதிந்தால் மொத்தம் எண்பது ஒலிகள். அவற்றுக்கு ஏழு மெகாபைட்டு இடம் போதும். விரல்நுனி அளவான அட்டையில் இது ஒரு மூலைக்கும் காணாது.

இதுவரை கூறியது எளிது. அரியது இனித்தான் வருகிறது. மிருதங்கத்தில் ‘நம்’ என்னும் சொல்லை வாசிக்கும்போது, மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டு நிற்க, ஆள்காட்டி விரல் விளிம்பைத் தட்டும். தொட்டு நிற்கும் விரலும் இசையில் பங்கு கொள்கிறது. அது சில அதிர்வுகளை அடக்கிச் சிலவற்றை எழவிடுகிறது. பீசோ வில்லையோ தட்டின் வலிமையை அறியுமே அன்றித் தொட்ட விரலை அறியாது. இடந்தலையில் உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தள்ளி எழுப்பும் கும்கியையும் அது அறியாது. கோலால் அடிக்கும் மேலைநாட்டு முழவுக்கெனச் செய்த பெட்டிகளுக்கு இக்குறை ஒரு குறையே அன்று. ஆதலின் அவற்றைச் செய்வோர் இதனை முதன்மையாகக் கருதக் காரணமும் இல்லை. குறை நம்முடையது, அதனை நீக்கும் கடமையும் நம்முடையதே. ஒன்றுக்குப் பதில் மூன்று வில்லைகளை ஒட்டி, எது முன்னே துடித்தது என்று ஒப்பிட்டுத் தட்டிய இடத்தைக் கணிக்கலாம். தளத்தின் விளிம்பில் செப்புத்தகட்டைப் பதித்து, விரலின் தொடுகையை மின்னால் உணரச் செய்யலாம். மிருதங்கம் பயிலும் மாணவனும் மின்னணுவியல் பயிலும் மாணவனும் ஒரு மேசையில் அமர்ந்தால் அன்றி இது கைகூடாது.

இத்தகைய கூட்டுக்குத் திருச்சிராப்பள்ளி ஏற்ற இடம். இங்குப் பொறியியற் கல்லூரிகள் உள. பாரத மிகுமின் நிறுவனமும் பொன்மலை இரயில்வேப் பணிமனையும் உள. 1939ஆம் ஆண்டில் தோன்றிய வானொலி நிலையமும் உளது. திருவரங்கத்தில் வளர்ந்து, இந்நகரின் புனித வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, பின்னர் மின்னணுப் பொறியாளராகி வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டார். அயலூரான புதுக்கோட்டையில் மாமூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்தினார். கருவியை ஏற்றபடியே வைத்திராமல் திருத்திக் கொள்ளும் துணிவு இப்பகுதிக்குப் புதிதன்று.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். மின்முழவு பெருகினால் தோல்முழவு அழியும். கரணையிடும் கைவினைஞரும் வாசிப்பவரும் வறுமையுறுவர் என்பது அவர் கூற்று. இதனை எளிதாகத் தள்ளிவிடுதல் ஆகாது. ஊர்க் கோயில்கள் பலவற்றில் இன்று தீபாராதனையின்போது மின்மோட்டாரே முரசையும் மணியையும் அடிக்கிறது. பொத்தானை அழுத்தியவர் கைகூப்பி நிற்கிறார்; வாசிக்கும் மனிதர் அங்கே இல்லை. வாசிப்பவர்க்கு ஊதியம் தரச் சிறு கோயிலுக்கு வகையில்லை என்பது உண்மையே. ஆயினும் அவ்வியந்திரம் அடிப்பது நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றே. அதற்குத் திருவிழாவும் தெரியாது, துயரும் தெரியாது.

எனினும், இரு கருவிகளையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். ஒன்று, மனிதன் இல்லாமலே இசைப்பது. மற்றொன்று, மனிதன் தொட்டாலன்றி வாய் திறவாதது. மோட்டார் முரசு முன்னதைச் சாரும். நாம் கூறும் மின்முழவு பின்னதைச் சாரும். முன்னது கையை வேண்டாததாக்குகிறது. பின்னது கையைப் பயிற்றுகிறது. திருவரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைக் காணலாம். அங்கே இரவு பத்து மணிக்கு மிருதங்கம் பயில்வோன் அயலாரின் உறக்கத்தைக் கெடுப்பான். காதில் ஒலிவாங்கியன்று, ஒலியூட்டியை அணிந்து மின்தளத்தில் பயில்வோன் எவர்க்கும் இடையூறு செய்யான். மழைக்காலத்தில் அவன் தளத்துக்குத் தோல் தளர்ச்சியும் இல்லை. ஆயினும் மேடையேறும் நாளில் அவன் பலாமரத்தின் முன்னேதான் அமர வேண்டும். தோலில் விரல் தோயாத பயிற்சி நீந்தாது படித்த நீச்சல் நூல் போன்றது என்பதை அவன் மறத்தல் ஆகாது.

இறுதியாக ஒன்று. பெட்டியில் எவ்வொலியை வைப்பது என்பதைப் பதிபவனே முடிவு செய்கிறான். கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் மேலைநாட்டு முழவொலிகளே முதலிடம் பெறுகின்றன. தவில், பறை, உறுமி, பம்பை, உடுக்கை ஆகியவற்றின் ஒலிகளை நாம் பதியாவிடின் வேறு யார் பதிவர்? ஆயினும், கலைஞரின் ஒலியைக் கேளாமல் எடுத்தல் களவாகும். அவரை நாடிச் சென்று, பெயரைக் குறித்து, இசைவு பெற்று, உரிய ஊதியமும் தந்து பதிதலே அறம். அவ்வாறு செய்யின் மின்முழவு தோல்முழவுக்குப் பகையாகாது. அதன் புகழைப் பரப்பும் தோழனாகும்.

மாணவர்களே! ஒரு பீசோ வில்லையும் ஒரு மின்தடையும் ஒரு சிறு பலகையும் வாங்குதல் அரிதன்று. முதல் நாள் உங்கள் பெட்டி தவறாக ஒலிக்கும். ஒன்று அடிக்க மூன்று ஒலிக்கும். மெல்லத் தொட்டால் இடியென முழங்கும். அன்று சோர்வு கொள்ளாதீர். ஏன் அவ்வாறு ஒலித்தது என்று கேளுங்கள். பின்னர் நல்லதொரு மிருதங்கக் கலைஞரின் முன் அமர்ந்து, அவர் விரல் எங்கே படுகிறது, எங்கே தொட்டு நிற்கிறது என்று உற்று நோக்குங்கள். கருவியைச் செய்யப் புகுந்த நீங்கள் கேட்கக் கற்றிருப்பீர்கள். கேட்கக் கற்றவனே இசைக்கு உரியவன். அவன் கையில் தோலும் பாடும், மின்னும் பாடும்.