தெளிவாக்குவது வேறு, திருத்தி எழுதுவது வேறு

கொஞ்சம் நீளமான பதிவுதான். காடு கழனி வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு. கையில் புலப்படத்தின் ஸ்கேன் பிரதி. "மங்கலா இருந்துச்சு சார், போன்ல ஏஐ ஆப்புல போட்டு எச்டி ஆக்கிட்டேன்" என்றான். பளிச்சென்றுதான் இருந்தது. வரப்பின் ஓர் அளவு 18.4 மீட்டர். சந்தேகப்பட்டு மங்கலான பிரதியை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 16.4! மற்ற அளவுகளோடு கூட்டிப் பார்த்தாலும் அதுதான் பொருந்தியது. ஆப்பு ஆறை எட்டாக்கிவிட்டது. இரண்டு மீட்டர் என்பது ஒரு வண்டிப்பாதை ஐயா! அதை நம்பிக் கல்லைப் பிடுங்கி நட்டிருந்தால் அரிவாளில் போய் நின்றிருக்கும்.

விடைத்தாள் திருத்தும்போது கையெழுத்து புரியாவிட்டால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம், கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்போம். மாணவன் எழுதாத விடையை நாமே எழுதி மதிப்பெண் போடுவோமா? இந்த ஆப்புகள் செய்வது அதைத்தான்.

இது புதிய கதையும் அல்ல. 2013-இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினி ஆய்வாளர் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். ஜெராக்ஸ் வொர்க்சென்டரில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் மூன்று அறைகள்: 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். பிரதியில் மூன்றும் 14.13! கோப்பின் அளவைக் குறைக்க, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டியிருக்கிறது இயந்திரம். பிறகு அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

அப்படியானால் கணினியே வேண்டாமா? வேண்டும். ஒழுங்காக வேண்டும். முதல் தவறு ஸ்கேன் செய்யும் இடத்திலேயே நடக்கிறது. வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் மெல்லிய பென்சில் கோடு அங்கேயே செத்துப்போகும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. சாம்பல் நிறத்தில், 300 டிபிஐக்குக் குறையாமல், எண்கள் பொடியாக இருந்தால் 400-இல் எடுங்கள். தாள் முழுக்க ஒரே அளவுகோலில் கறுப்பு வெள்ளை பிரிப்பது ஜப்பானியர் ஒட்சு 1979-இல் சொன்ன முறை. சுத்தமான தாளுக்கு நல்லது. மடிப்பும் தேநீர்க் கறையும் உள்ள நம் தாளுக்கு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அளவுகோல் வைக்கும் முறைதான் சரி. 'புள்ளி நீக்கு' என்ற பொத்தானை மட்டும் யோசிக்காமல் அழுத்தாதீர்கள். தூசியோடு தசமப் புள்ளியும் போய்விடும். 16.4 அப்போது 164! ஜேபெக்காகச் சேமித்தால் கோட்டோரம் கசங்கும், பிஎன்ஜி அல்லது டிஃப் போதும்.

எல்லாவற்றுக்கும் மேல், மூல ஸ்கேனை அழிக்காதீர்கள். தெளிவாக்கிய படத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள். தெரியாத எண்ணைத் 'தெரியவில்லை' என்று விடுங்கள். அளவு தெரியாவிட்டால் சர்வேயர் வந்து அளப்பார். தப்பான அளவு தெளிவாகத் தெரிந்தால் ஒருவரும் அளக்க மாட்டார்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஊர் குழுவில் பகிருங்கள். யாராவது ஒருவர் வரப்பாவது தப்பிக்கும்.