எண்ணுக்கு மருந்து தேடாதீர்கள்

நல்லூர்ப் பக்கம் யார் முழங்கால் வலி என்றாலும் பக்கத்துத் திண்ணையிலிருந்து கேள்வி வரும்: "யூரிக் ஆசிட் பாத்தீங்களா?" விருத்தாசலம் போய் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டில் 7.4 என்று தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும். அன்றைக்கே பருப்பு நிறுத்தம். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை. எண் ஏறினால் நோய், இறங்கினால் குணம் என்ற இந்த நம்பிக்கை தவறு, ஆபத்தும்கூட.

யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்தான் கவுட். அது வந்தவரைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடிவதற்குள் துடிப்பார். கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காது. அது அடிக்கடி வந்தால் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை கட்டாயம். படியேறும்போது வலிக்கும் தேய்ந்த முழங்காலுக்கு அந்த மாத்திரை மருந்தல்ல. தொந்தரவே இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் மாத்திரை தொடங்க வேண்டாம் என்றே அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2020இல் பரிந்துரைத்தது. அந்த மாத்திரைகளில் ஒன்றான அலோபியூரினால் அபூர்வமாகச் சிலருக்கு உயிரைப் பறிக்கும் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். பருப்பும் பாவம்: 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில் கவுட்டை அதிகமாக்கியவை இறைச்சியும் மீனும்தான்.

இப்போது நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் கிளம்பியிருக்கிறது. யூரிக் ஆசிட் கூடுதலாக உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டன. அதை வைத்து, "ஏறினால் மூளைக்கு நல்லது" என்கிறார்கள். சோதித்தே பார்த்தாயிற்று. அமெரிக்காவில் பார்க்கின்சனின் தொடக்கத்தில் இருந்த 298 பேரில் ஒரு பாதிக்கு யூரிக் ஆசிட்டை ஏற்றும் இனோசின், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. எண் நினைத்தபடி ஏறியது. நோயின் வேகம் குறையவில்லை. சிறுநீரகக் கல்தான் கூடியது. பலன் கிடைக்காது என்று பாதியில் நிறுத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது.

இறக்கத் துடிப்பவரும் ஏற்றத் துடிப்பவரும் செய்வது ஒரே பிழை: ஆளை விட்டுவிட்டு எண்ணைப் பிடிப்பது. எண் கூடியிருந்தால் அதற்குக் காரணம் சிறுநீரகமா, பிரஷர் மாத்திரையா, ஆஸ்பிரினா என்று டாக்டரிடம் கேளுங்கள். கவுட் உள்ளவர்கள் பார்க்கின்சன் பயத்தில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மடியில் சும்மா வைத்த கை நடுங்கினால், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நின்றால், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனால், வயசுக் கோளாறு என்று தள்ளாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பார்க்கின்சனை அவர் கண்டுபிடிப்பது உங்கள் நடையையும் கையையும் பார்த்துத்தான். யூரிக் ஆசிட் ரிப்போர்ட்டைப் பார்த்தல்ல.