228 குதிரை போதாதா?

டொயோட்டா ஜி.ஆர்.86 பற்றிப் பேச்செடுத்தால் போதும், அதே காசுக்கு 310 குதிரைத்திறன் கிடைக்கும்போது 228-ஐ வாங்குபவன் ஏமாளி என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அமெரிக்காவில் இந்த வண்டி 2022 மாடலாக வந்தபோது ஏறக்குறைய அதே விலைக்கு ஃபோர்டு மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் ஈகோபூஸ்ட் கிடைத்தது. இன்னும் சுமார் பன்னிரண்டாயிரம் டாலர் போட்டால் 400 குதிரைத்திறன் நிசான் இசட். காகிதத்தில் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஓட்டும் ஆசைக்காகவே கூபே வாங்குகிறவருக்கு அந்தக் காகிதம் சரியான சாட்சி இல்லை என்பது என் கட்சி.

முதலில் அந்த 310-ஐயே எடுத்துக்கொள்வோம். மேனுவல் கியர் ஈகோபூஸ்ட் மஸ்டாங்கின் எடை சுமார் 1,600 கிலோ. ஜி.ஆர்.86 சுமார் 1,275 கிலோ. டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பார்த்தால் மஸ்டாங்குக்கு 194, டொயோட்டாவுக்கு 179. 36 சதவீதமாகத் தெரிந்த இடைவெளி எட்டாகச் சுருங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் 325 கிலோ என்பது நான்கு பெரியவர்களும் அவர்களுடைய பெட்டிகளும். நேர்ச்சாலையில் அந்தச் சுமையை இன்ஜின் ஈடுகட்டிவிடும். வளைவுக்கு முன்னால் பிரேக்கும், வளைவுக்குள் டயரும்தான் அதைச் சுமக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2024-ல் வந்த புதிய மஸ்டாங்கில் ஈகோபூஸ்ட் மாடலுக்கு மேனுவல் கியரே கிடையாது. மூன்றாவது பெடல் வேண்டுமென்றால் வி8-க்குப் போக வேண்டும், அதற்கான விலையும் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பூஜ்யத்திலிருந்து நூறு. டொயோட்டா சொல்லும் கணக்கு மேனுவலுக்கு 6.3 விநாடி. முந்தைய தலைமுறைக்கு அது 7.6. இந்த எண் வேண்டுமென்றால் இன்ஜினை அலறவிட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு, பின் டயரைப் புகைய வைத்துக் கிளம்ப வேண்டும். சொந்தக் காசில் கிளட்ச் மாற்றுகிறவர் எவரும் சிக்னலில் அப்படிக் கிளம்ப மாட்டார். பிக்கப்தான் அளவுகோல் என்றால் மின்சாரக் கார்கள் இந்தப் போட்டியை எப்போதோ முடித்துவிட்டன. இரண்டு டன்னைத் தாண்டும் குடும்ப வண்டியான கியா ஈ.வி.6 ஜி.டி. 3.5 விநாடியில் நூறைத் தொடுகிறது. அந்தக் கணக்கில் ஜி.ஆர்.86 தோற்கும், மஸ்டாங்கும் தோற்கும், இசட்டும் தோற்கும். எல்லோரும் தோற்கும் தேர்வை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டர்போ இல்லையே என்பது மூன்றாவது புகார். இதில் பாதி நியாயம் உண்டு. 2012-ல் வந்த முதல் 86-இன் 2.0 லிட்டர் இன்ஜின் உச்ச முறுக்குவிசையான 205 நியூட்டன் மீட்டரை 6,400 ஆர்.பி.எம்-மில்தான் கொடுத்தது. நாம் அதிகம் புழங்கும் நடு வேகத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மூன்றாவது கியரில் ஒரு லாரியை முந்தப் போனவர்களுக்கு அந்தப் பள்ளம் நன்றாகத் தெரியும். அதற்கு மருந்து டர்போதான் என்று பத்து ஆண்டுகள் எல்லோரும் கூவினார்கள். ஆனால் ஜி.ஆர்.86-க்காகப் பொறியாளர்கள் சிலிண்டரின் விட்டத்தை 86 மில்லிமீட்டரிலிருந்து 94-க்கு அகலப்படுத்தி, கொள்ளளவை 2.4 லிட்டர் ஆக்கினார்கள். உச்ச முறுக்குவிசை 250 ஆனது, அதுவும் 3,700 ஆர்.பி.எம்-மிலேயே. டர்போவும் இன்டர்கூலரும் குழாய்களும் மூக்கில் ஏற்றும் எடை மிச்சம். மிதித்த அளவுக்கு மிதித்த நொடியில் பதில் வருகிற குணமும் பிழைத்தது. நெடுஞ்சாலையில் கியரைத் தொடாமல் சோம்பலாக முந்திப்போக ஆசைப்படுகிறவர்கள் இசட் வாங்கட்டும், அதில் தப்பில்லை.

எனக்குச் சிரிப்பு வரவழைப்பது டயர் வாதம். முதல் 86-க்கு மிஷலின் பிரைமசி போட்டிருந்தார்கள். பிரியஸுக்குப் போட்ட டயர், அகலம் 215 மில்லிமீட்டர். சிக்கனத்துக்காகச் செய்தார்கள் என்ற கதை இன்றும் ஓடுகிறது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா இதைத் தெரிந்தேதான் செய்தார். பிடிப்பு குறைந்தால் வண்டி தன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே காட்டும். ஈரமான ரவுண்டானா ஒன்றில் இரண்டாவது கியரில் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நாற்பதுகூட இருக்காது. ஸ்டீயரிங் கையில் லேசாகிறது, மூக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கப் பார்க்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினால் மூக்கு உள்ளே திரும்பிவிடும். மறுபடி மிதித்தால் பின்பக்கம் ஒரு சாண் நகரும், கண்ணுக்குத் தெரியும் முன்பே இடுப்புக்குத் தெரிந்துவிடும். கையை அரை அங்குலம் எதிர்ப்பக்கம் கொடுத்தால் எல்லாம் நேராகிவிடும். சக்கரத்தில் அகலமான ஒட்டு டயரை மாட்டிவிட்டால் இதே விளையாட்டுக்கு நூற்றுக்குப் பக்கத்தில் போக வேண்டும்; அங்கே பிசகினால் விளைவு வேறு. புதிய ஜி.ஆர்.86-இன் உயர்ந்த வகைகளுக்கு பைலட் ஸ்போர்ட் 4 வந்துவிட்டது. பிடிப்பு கூடியது, விளையாட்டு கொஞ்சம் குறைந்தது. நான் வாங்கினால் 17 அங்குலச் சக்கரத்தோடு வரும் கீழ் வகையைத்தான் வாங்குவேன்.

இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து சுப்ரா வாங்கலாமே என்றால், அது பி.எம்.டபிள்யூ, டொயோட்டாவே இல்லை என்று முகம் சுளிக்கிறார்கள். இன்ஜின் பி.எம்.டபிள்யூ-வுடையதுதான், வண்டியும் பி.எம்.டபிள்யூ-வின் இசட்4-உடன் சேர்ந்து ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவானதுதான். இதே ஆட்கள் ஜி.ஆர்.86 ஜப்பானின் குன்மாவில் சுபாரு ஆலையில், சுபாருவின் பாக்ஸர் இன்ஜினோடு பிறக்கிறது என்பதைக் குறையாகச் சொல்வதில்லை. 1967-ல் வந்த 2000ஜி.டி.-யை டொயோட்டா யமஹாவோடு சேர்ந்துதான் செய்தது. இந்த நிறுவனம் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே துணைக்கு ஆள் தேடும். சுப்ராவை வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினால் அதன் விலையைச் சொல்லுங்கள், வெளியே சரியாகத் தெரியாத பின் கண்ணாடியைச் சொல்லுங்கள்.

ஜி.ஆர்.86-உம் சுபாரு பி.ஆர்.இசட்-உம் ஒன்றுதான், முத்திரைதான் வேறு என்பதும் அரை உண்மை. பி.ஆர்.இசட்-இல் முன் ஸ்பிரிங் கெட்டி. டொயோட்டாவில் முன்பக்கம் இளகல், பின்பக்கம் கெட்டி. ஒன்று நிதானம், மற்றது வாலாட்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

உருப்படியான குறைகள் இல்லாமல் இல்லை. நீண்ட வலப்பக்க வளைவுகளில் ஆயில் அழுத்தம் இறங்குவதாக டிராக்கில் ஓட்டுகிறவர்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அடிக்கடி டிராக் போகிறவர் அதற்கான தடுப்புக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட வேண்டும். பின் இருக்கையில் வளர்ந்த ஆள் உட்கார முடியாது என்பதும் நிஜம். ஆனால் அதை மடித்துவிட்டால் டிக்கியோடு சேர்ந்து நான்கு டயர் வைக்க இடம் வருகிறது. காலையில் சாலை டயரில் டிராக்குக்குப் போய், அங்கே மாற்றிப் போட்டு ஓட்டிவிட்டு, மாலையில் பழைய டயரிலேயே வீடு திரும்பலாம்.